எந்தத் தேர்வு முதலில்?

கேள்வி:

டாக்டர் அம்மா, நான் தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் நான்காம் ஆண்டு மருத்துவம் படிக்கிறேன். வீடு பீடோங் பக்கம். அப்பா செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டுகிறார். அம்மாவுக்குச் சுங்கைப்பட்டாணியில் ஃபேக்டரி வேலை. எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நானாகத்தான் இருப்பேன். படிப்புக்கு பி.டி.பி.டி.என். கடனும் எம்.ஐ.இ.டி. கடனும் வாங்கியிருக்கிறோம்.

வகுப்பில் பலர் இப்போதே அமெரிக்காவின் யு.எஸ்.எம்.எல்.இ. தேர்வுக்குப் படிக்கிறார்கள். வினா வங்கிக்குப் பணம் கட்டி, ராத்திரி முழுக்க கணினியில் கேள்வி போடுகிறார்கள். வேறு சிலர் இங்கிலாந்தின் பிளாப் தேர்வுதான் சுலபம் என்கிறார்கள். சீனியர்களைக் கேட்டால், இங்கே இருந்தால் கான்ட்ராக்ட் டாக்டராகவே காலம் போய்விடும், கிளம்பிவிடு என்கிறார்கள். எனக்கோ நோயாளி பக்கத்தில் நின்று கேஸ் சொல்லும்போது நாக்கு ஒட்டிக்கொள்கிறது. போன வருடம் ஒரு போஸ்டிங்கில் தோற்று, மறுதேர்வில்தான் பாஸானேன். அதை வீட்டில் இன்னும் சொல்லவில்லை. நான் எந்தத் தேர்வுக்கு முதலில் தயாராக வேண்டும்?

இன்னொன்று. தங்கை எஸ்.டி.பி.எம். முடித்துவிட்டாள். வெளிநாட்டில் பாதிச் செலவில் மருத்துவம் படிக்கலாம் என்று ஓர் ஏஜென்ட் வீட்டுக்கு வந்து பேசிக்கொண்டிருக்கிறார். முன்பணம் கட்டிவிடலாமா என்று அப்பா யோசிக்கிறார். அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

பெயர் வேண்டாம், பீடோங், கெடா.

பதில்:

தம்பி, உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். எந்தத் தேர்வு முதலில் என்று கேட்டாய். உன் பல்கலைக்கழகத்தின் ஐந்தாம் ஆண்டு இறுதித் தேர்வுதான் முதலில். அது முடியும்வரை வேறு எந்தத் தேர்வுக்கும் பணம் கட்டாதே.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், உன் நண்பர்கள் பேசுவது வேறொரு நாட்டின் ஏற்பாட்டை. அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரிப் பட்டம் மட்டும் இருந்தால் யாரும் வைத்தியம் பார்க்க முடியாது. லைசென்ஸுக்கென்று மூன்று கட்டத் தேர்வு தனியாக உண்டு. நம் நாட்டில் அப்படி இல்லை. 1971-ஆம் ஆண்டு மருத்துவச் சட்டத்தின் பட்டியலில் உன் கல்லூரியின் பட்டம் இருந்தால், அந்தப் பட்டத்தைக் காட்டியே மலேசிய மருத்துவ மன்றத்தில் தற்காலிகப் பதிவு வாங்கலாம். பிறகு இரண்டு வருட ஹவுஸ்மன் பயிற்சி. நான்கு மாதத்துக்கு ஒன்றாக ஆறு போஸ்டிங். ஒவ்வொன்றிலும் உன் மேலே இருப்பவர்கள் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்ததற்குப் போகலாம். தேறாதவர்களுக்குப் பயிற்சியை நீட்டிப்பார்கள். எல்லாம் முடிந்த பிறகு முழுப் பதிவு.

இதற்கு என்ன அர்த்தம் என்று யோசித்துப் பார். உன்னை டாக்டர் என்று இந்த நாடு நம்புவதற்கு முன்னால் நடக்கிற கடைசிப் பரீட்சை உன் கல்லூரி நடத்துகிற லாங் கேஸும் ஷார்ட் கேஸும், நிலையம் நிலையமாக மாறிச் செய்துகாட்டும் ஓஸ்கியும்தான். அதற்குப் பிறகு தாளில் கேட்க யாரும் இல்லை. விடியற்காலை மூன்று மணிக்கு உன் முன்னால் படுத்திருக்கும் ஆள்தான் கேட்பார். ஆகவே மலேசியாவில் லைசென்ஸ் தேர்வுக்குப் படிப்பது என்றால் வார்டில் படிப்பது என்றே பொருள். நாக்கு ஒட்டிக்கொள்கிறது என்று எழுதினாயே, உன் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்ட வரி அதுதான். யு.எஸ்.எம்.எல்.இ. வினா வங்கியில் ஐயாயிரம் கேள்வி போட்டாலும் அந்த நாக்கு அவிழாது.

நானும் ஒரு தேர்வில் தோற்றவள். பாடாங் செராய்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தேன். அம்மா பால்மரம் வெட்டினார். அந்தக் காலத்தில் எங்களுக்கு வைத்தியம் என்றால் தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெசர்தான். டாக்டர் என்பவர் எப்போதாவது காரில் வந்து போகிறவர். அப்போது கெடாவில் மருத்துவக் கல்லூரியே கிடையாது. 2001-இல் தொடங்கி இன்று செமிலிங்கில் இருக்கும் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் எல்லாம் நாங்கள் கனவிலும் காணாதது. அப்படி வெளியூர் போய் மருத்துவம் படித்த நான், இறுதித் தேர்வு மெடிசின் லாங் கேஸில் தோற்றேன். ஐம்பது வயதுக்காரர், மூன்று வாரக் காய்ச்சல், இருமல், எடை குறைவு, இனிப்புநீர். நுரையீரலைத் தட்டிப் பார்த்தேன், கேட்டேன், காசநோய் என்று சொல்லி அதன் சிகிச்சையை மருந்து மருந்தாக ஒப்பித்தேன். தேர்வாளர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இவர் என்ன வேலை செய்கிறார்?" என்றார். நான் கேட்கவில்லை. அவர் நெல் வயலில் வேலை செய்கிறவர். அந்த ஒரு கேள்வி விட்டுப்போனதால் வேறொரு நோயின் பெயரே என் வாயில் வரவில்லை.

தோட்டத்து லயத்தில் வளர்ந்த பிள்ளை, ஒரு தொழிலாளியைப் பார்த்து என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்க மறந்துவிட்டேன். புத்தகத்தில் படித்த வரிசையை விட்டுவிடக் கூடாது என்ற பயத்தில், எதிரே இருந்த மனிதரை விட்டுவிட்டேன். அது இன்றும் உறுத்துகிறது. ஆறு மாதம் கழித்து மறுபடி உட்கார்ந்து தேறினேன். அந்த ஆறு மாதத்தில் கற்றதை வைத்துத்தான் பிறகு முப்பது வருடம் வேலை செய்தேன்.

நான் சொல்லத் தவறிய அந்த நோய் மெலியோய்டோசிஸ். ஈர மண்ணிலும் நீரிலும் வாழும் ஒரு பாக்டீரியாவால் வருவது. 1912-இல் ரங்கூனிலிருந்து இதை முதன்முதலில் எழுதிப் பதிவுசெய்தவர்கள் விட்மோர், கிருஷ்ணசாமி என்ற இரண்டு மருத்துவர்கள். இனிப்புநீர்க்காரர்களைத் தேடிப் பிடிக்கும். நுரையீரலில் வந்தால் காசநோய் மாதிரியே இருக்கும். கல்லீரலிலும் மண்ணீரலிலும் சீழ்க்கட்டி வைக்கும். அலோர் ஸ்டார் சுல்தானா பஹியா மருத்துவமனை வட்டாரத்தில் 2005 முதல் 2008 வரை உறுதிசெய்யப்பட்ட 145 நோயாளிகளைப் பற்றி ஒரு ஆய்வு வந்திருக்கிறது. அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இறந்துபோனார். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இனிப்புநீர் இருந்தது. சாதாரண நிமோனியாவுக்குக் கொடுக்கும் மருந்தில் இது அடங்காது. செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனம் நரம்பு வழியாகக் குறைந்தது பத்து நாள், அதற்குப் பிறகு மாதக்கணக்கில் கோ-டிரைமோக்ஸசோல் மாத்திரை. அமெரிக்க வினா வங்கியில் இந்த நோய் வந்தால், ஆசியாவுக்குச் சுற்றுலா போய்த் திரும்பியவருக்கு வந்த அபூர்வ நோயாக ஒரு ஓரத்தில் வரும். உனக்கோ அது மழைக்காலத்தில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கும்.

பாம்புக்கடியையும் எடுத்துக்கொள். நம் வடக்குப் பகுதித் தோட்டங்களில் கடிப்பவற்றில் முக்கியமானது மலாய்க்காரர்கள் ஊலார் காப்பாக் போடோ என்று சொல்லும் குழிவிரியன். காய்ந்த இலையோடு இலையாகக் கிடக்கும், ஆள் வந்தாலும் நகராது. விடியலுக்கு முன்னே பால்மரம் வெட்டப் போகிறவர்களின் கால் அதன்மேல் படும். கடித்த இடம் வீங்கும், கொப்புளம் போடும், இரத்தம் உறையாமல் போகும். இதற்குப் பெரிய லேப் தேவையில்லை. காய்ந்த சுத்தமான கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் இரத்தம் எடுத்து, இருபது நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார். உறையாமல் ஓடினால் விஷமுறிவு மருந்து வேண்டும். அந்த மருந்து பாங்காக்கில் தாய்லாந்துச் செஞ்சிலுவைச் சங்கம் தயாரிப்பது. கடித்த இடத்துக்கு மேலே இறுக்கிக் கட்டக் கூடாது, கீறக் கூடாது, காலை அசைக்காமல் வைத்துக் கொண்டுவர வேண்டும். இவ்வளவையும் ஓஸ்கியில் ஐந்து நிமிடத்தில் கேட்க முடியும். அது மட்டுமா? ஹவுஸ்மனாக நீ கூலிமிலோ சுங்கைப்பட்டாணியிலோ எமர்ஜென்சியில் நிற்கும்போது இதே கால் உன் முன்னால் வரும்.

இனி நாக்குக்கு வருவோம். உன்னிடம் ஒரு சொத்து இருக்கிறது, உன் வகுப்பில் பாதிப் பேரிடம் அது இருக்காது. நீ கெடாக்காரன். கெடா மலாய் உன் காதில் ஊறியது. கோலாலம்பூரிலிருந்து வந்த மாணவன் புத்தக மலாயில் கேட்டால் பாலிங்கிலிருந்து வந்த கிழவி விழிப்பார். நீ "அவாட் மாய் லம்பாட்?", ஏன் இவ்வளவு தாமதமாக வந்தீர்கள், என்று கேட்டுவிட்டால் அவர் குடும்பக் கதையே சொல்லிவிடுவார். அவர் பீசா-பீசா என்று சொன்னால் உடம்புக் குடைச்சல், விஷம் அல்ல என்று உனக்குத் தெரியும். செம்புட் என்றால் மூச்சுத் திணறல். மாசோக் அங்கின் என்றால் வயிறா, நெஞ்சா, இடுப்பா என்று இன்னும் மூன்று கேள்வி கேட்க வேண்டும்.

நம் ஆட்களும் அப்படித்தான். வாயு என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனை ஹார்ட் அட்டாக் ஒளிந்திருக்கிறது தெரியுமா? எங்கள் லயத்தில் ஒரு மாமா இருந்தார். வெட்டு முடிந்து வந்து, மேல்வயிற்றில் வாயு ஏறிவிட்டது என்று கோடாலித் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்தார். வியர்த்துக் கொட்டியது. சாயங்காலம் எழுப்பப் போனபோது உடம்பு சில்லிட்டிருந்தது. இனிப்புநீர் உள்ளவருக்கு நெஞ்சுவலி நெஞ்சுவலியாக வராது, சில நேரம் வலியே இல்லாமலும் வரும் என்பதைப் பிற்பாடு புத்தகத்தில் படித்தபோது எனக்கு அவர் முகம்தான் வந்தது. வாயு என்று சொல்லும் தோட்டத்துப் பெரியவருக்கு முதலில் ஒரு இ.சி.ஜி. எடு. இதை எந்தத் தேர்வுக்காகவும் சொல்லவில்லை.

நோயாளியிடம் பேசுவது உனக்கு வராதது இல்லை. அதை ஆங்கிலத்தில் ஸ்பெஷலிஸ்ட் முன்னால் ஒப்புவிப்பதுதான் வரவில்லை. இரண்டும் வேறு வேறு. முதலாவது உன் ரத்தத்தில் இருக்கிறது. இரண்டாவது வெறும் பழக்கம்.

பழக்கத்துக்கு நான் என் மாணவர்களுக்குச் சொல்வது இதுதான். வாரத்துக்கு மூன்று நோயாளிகளை முழுசாகக் கிளார்க் செய், அதாவது விசாரித்து, பரிசோதித்து, எழுது. ஆசிரியர் சொன்ன நோயாளியை விட்டுவிட்டு, நீயாகப் போய் ஒருவர் அருகில் உட்கார். நின்றுகொண்டு கேட்காதே. பெயர், வயது, எந்த ஊர், என்ன வேலை, இதற்கு முன் என்ன வேலை, வீட்டில் யார் யார், யார் மருந்து எடுத்துக் கொடுப்பார்கள். பிறகுதான் வலி. எழுதியதை அன்று ராத்திரியே ஐந்து நிமிடத்துக்குள் வாய்விட்டுச் சொல். கண்ணாடி முன்னால் வேண்டாம், ஆள் முன்னால் சொல். மூன்று பேர் சேர்ந்துகொள்ளுங்கள். ஒருவன் மாணவன், ஒருவன் தேர்வாளர், ஒருவன் கடிகாரம். தேர்வாளனாக இருக்கிறவன் இரக்கம் காட்டக் கூடாது. முதல் ஒரு மாதம் வெட்கமாக இருக்கும். இரண்டாவது மாதம் உன் வாக்கியங்கள் தாமாகவே வரிசையாக நிற்கும். நாலாவது மாதம் ரவுண்ட்ஸில் உன்னைக் கேட்டால் நீ காகிதத்தைப் பார்க்க மாட்டாய்.

புத்தகம் நிறைய வாங்காதே. மெடிசினுக்கு ஒன்று, சர்ஜரிக்கு ஒன்று, உடற்பரிசோதனைக்கு ஒன்று. அதை மூன்று தரம் படி. அதோடு நம் சுகாதார அமைச்சு வெளியிடும் சிகிச்சை வழிகாட்டிகளைப் படி, இலவசமாகவே கிடைக்கின்றன. குழந்தை வார்டுக்கு மலேசிய மருத்துவமனைகளுக்கென்றே எழுதிய பீடியாட்ரிக் புரோட்டோகால்ஸ் இருக்கிறது. இந்த நாட்டில் எந்த மருந்து கையில் இருக்கிறது, எந்த அளவில் கொடுக்கிறார்கள் என்பது அவற்றில்தான் இருக்கும். ஹவுஸ்மனான முதல் ராத்திரியில் உனக்குத் தேவைப்படுவதும் அதுதான்.

அமெரிக்கா, இங்கிலாந்து பற்றி. போகவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். போனவர்கள் நன்றாக இருக்கிறார்கள். ஆனால் கணக்கைத் தெரிந்துகொண்டு போ. யு.எஸ்.எம்.எல்.இ. முதல் கட்டம் 2022 ஜனவரியிலிருந்து தேர்ச்சி, தோல்வி என்று மட்டும்தான் வருகிறது, மதிப்பெண் கிடையாது. அதனால் இரண்டாம் கட்ட மதிப்பெண்ணைத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் கட்டணமே ஆயிரம் டாலரை ஒட்டி. அதற்கு மேல் ஆங்கிலத் தேர்வு, விண்ணப்பச் செலவு, அங்கே போய் மருத்துவமனையில் சில வாரம் நின்று வாங்க வேண்டிய பரிந்துரைக் கடிதங்கள். எல்லாம் முடிந்து, ஒவ்வொரு மார்ச் மாதமும் வரும் மேட்ச் என்ற பயிற்சி இட ஒதுக்கீட்டு முடிவில், வெளிநாட்டில் படித்த அமெரிக்கர் அல்லாத விண்ணப்பதாரர்களில் பத்துக்கு ஏறக்குறைய நான்கு பேருக்கு அண்மை ஆண்டுகளில் இடம் கிடைக்கவில்லை. கடன் வாங்கிப் படிக்கும் பிள்ளை இந்தப் பந்தயத்தில் இறங்க வேண்டுமானால் முதலில் கையில் ஒரு தொழில் இருக்க வேண்டும். பிளாப் இதைவிடச் செலவு குறைவுதான், முதல் தாள் 180 கேள்வி, இரண்டாவது மான்செஸ்டரில் ஓஸ்கி. ஆனால் தேறியவர்கள் அங்கே வேலைக்கு அலைகிற காலம் இது, உள்நாட்டுப் பட்டதாரிகளுக்கே முன்னுரிமை என்ற பேச்சும் வலுத்துவிட்டது. சிங்கப்பூர் என்றால் உன் கல்லூரி அவர்கள் சட்டப் பட்டியலில் இருக்கிறதா என்பதை ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம், இல்லையென்றால் அந்த எண்ணத்தை இப்போதைக்கு விட்டுவிடு.

கான்ட்ராக்ட் பயம் நியாயமான பயம், அதை நான் சின்னதாக்க மாட்டேன். 2016 டிசம்பரிலிருந்து ஹவுஸ்மன்களை ஒப்பந்தத்தில் எடுக்கத் தொடங்கினார்கள். ஐந்து வருடத்தில் இருபதாயிரத்துக்கும் மேல் எடுத்தார்கள், நிரந்தரம் கிடைத்தது ஆயிரம் பேருக்கும் குறைவு. அதனால்தான் 2021 ஜூலை 26-ஆம் தேதி இளம் டாக்டர்கள் கறுப்பு உடையில் வார்டை விட்டு வெளியே வந்து நின்றார்கள். பெருந்தொற்று உச்சத்தில் இருந்த நேரம். என்னோடு வேலை செய்த பிள்ளைகளும் அதில் இருந்தார்கள், அவர்கள் செய்தது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். அதற்குப் பிறகு நிலைமை மாறிக்கொண்டிருக்கிறது. நிரந்தர இடங்கள் அதிகமாகியிருக்கின்றன. 2019-இல் ஆறாயிரத்துக்கும் மேல் இருந்த புதிய ஹவுஸ்மன் எண்ணிக்கை 2023-இல் ஏறக்குறையப் பாதியாகிவிட்டது, இடத்துக்காக மாதக்கணக்கில் காத்திருந்த காலம் போய், இன்று ஆள் போதவில்லை என்று மருத்துவமனைகள் சொல்கின்றன. உன் சீனியர்கள் சொல்வது அவர்கள் அனுபவித்தது. நீ வெளியே வரும்போது கணக்கு வேறாக இருக்கும். ஒன்று மட்டும் பார்த்துக்கொள்: எஸ்.பி.எம். மலாய் மொழியில் கிரெடிட் இருக்கிறதா? நிரந்தரப் பணிக்கு அது வேண்டும். இல்லையென்றால் படிக்கும்போதே மறுபடி எழுதிவிடு. இந்த ஒரு தாளுக்காகத் தவித்த நல்ல டாக்டர்களை எனக்குத் தெரியும்.

ஸ்பெஷலிஸ்ட் ஆவதற்கும் நீ நாட்டை விட்டுப் போக வேண்டியதில்லை. ஒரு வழி உள்ளூர்ப் பல்கலைக்கழகங்களின் மாஸ்டர்ஸ், நான்கு வருடம். அதில் சேர நுழைவுத் தேர்வு உண்டு. இன்னொரு வழி இணைப்பாதை. சுகாதார அமைச்சு மருத்துவமனைகளிலேயே வேலை செய்துகொண்டு எம்.ஆர்.சி.பி. மாதிரி இங்கிலாந்து ராயல் காலேஜ் தேர்வுகளை எழுதலாம். எம்.ஆர்.சி.பி.யின் முதல் தாளைப் பட்டம் வாங்கி ஒரு வருடம் கழித்து எழுதலாம், நேர்முகக் கிளினிக்கல் தேர்வே மலேசியாவில் நடக்கிறது. நான் இந்த வழியில் வந்தவள். இணைப்பாதைப் பட்டங்களை ஸ்பெஷலிஸ்ட் பதிவேட்டில் ஏற்பதில் பெரிய தகராறு வந்து, 2024-இல் மருத்துவச் சட்டத்தையே திருத்தினார்கள். எந்தத் துறை என்பதை இப்போது முடிவு செய்யாதே. ஆறு போஸ்டிங்கும் பார்த்துவிட்டு முடிவு செய். சர்ஜன் ஆவேன் என்று வந்து குழந்தை வார்டில் தங்கிப்போனவர்கள் ஏராளம்.

ஹவுஸ்மன் ஆனதும் முதல் சில வாரம் டேகிங் என்று அதிகாலையிலிருந்து ராத்திரிவரை நிற்க வைப்பார்கள். கால் வலிக்கும், திட்டு விழும். தனியாக அழவும் தோன்றும். யாராவது உன்னை அவமானப்படுத்தினால், வேலையைத் திருத்துகிறார்களா, ஆளைச் சிறுமைப்படுத்துகிறார்களா என்று பிரித்துப் பார். முதலாவதை வாங்கிக்கொள். இரண்டாவதைத் தேதி போட்டு எழுதிவைத்து மேலே சொல். தூக்கமே இல்லாமல், விடிந்தால் பயம், சாப்பாடு இறங்கவில்லை என்று இரண்டு வாரம் போனால் மருத்துவமனையில் இருக்கும் மனநல டாக்டரைப் போய்ப் பார். இதை ஒளித்துவைத்த நல்ல பிள்ளைகளை நாம் இழந்திருக்கிறோம்.

இப்போது வீட்டுக்கு வா. மறுதேர்வைச் சொல்லவில்லை என்றாய். இந்த வாரமே சொல்லிவிடு. தோட்டத்தில் லோரி ஓட்டுகிறவருக்கு டயர் வெடிப்பது என்றால் என்ன, மறுபடி ஏறி ஓட்டுவது என்றால் என்ன என்று உன்னைவிட நன்றாகத் தெரியும். நான் தோற்றதை என் அம்மாவிடம் ஒரு மாதம் மறைத்தேன். சொன்னபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "சாப்பிட்டியா?" மறைத்த அந்த ஒரு மாதத்தில் ஒரு பக்கம்கூட நான் உருப்படியாகப் படிக்கவில்லை. கடனைப் பற்றியும் பேசுங்கள். பி.டி.பி.டி.என். தவணை பட்டம் வாங்கிப் பன்னிரண்டு மாதம் கழித்துத்தான் தொடங்குகிறது. எம்.ஐ.இ.டி. ஒப்பந்தத்தை எடுத்துப் படி, ஜாமீன் கையெழுத்துப் போட்டது யார், எப்போதிலிருந்து எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி அப்பாவிடம் கொடு. அந்தத் தாள் இருந்தால் உன் நண்பன் வினா வங்கிக்குக் கூப்பிடும்போது உனக்கே பதில் தெரியும்.

கடைசியாகத் தங்கை. இதைத்தான் அவசரமாகச் செய்ய வேண்டும், அதனால் கவனமாகக் கேள். நான் முன்பு சொன்ன மருத்துவச் சட்டப் பட்டியலில் இல்லாத கல்லூரியில் படித்து வந்தால், மருத்துவ மன்றம் சொல்லும் தகுதித் தேர்வு எழுதித் தேறினால்தான் தற்காலிகப் பதிவே கிடைக்கும். ஐந்து, ஆறு வருடமும் வீட்டுக் காசும் செலவழித்துவிட்டு, ஹவுஸ்மன் வாசலுக்கு வெளியே நின்று அந்தத் தேர்வை மறுபடி மறுபடி எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். உனக்கு இல்லாத லைசென்ஸ் தேர்வை உன் தங்கை தலையில் கட்டாதீர்கள்.

கிரிமியா ஞாபகம் பெரியவர்களுக்கு இருக்கும். நம் இந்தியப் பிள்ளைகள் பலர் உக்ரைனின் கிரிமியா மருத்துவப் பல்கலைக்கழகத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். 2005-இல் மலேசியா அதன் அங்கீகாரத்தை மீட்டுக்கொண்டது. வீடு வீடாக எவ்வளவு கலக்கம், எத்தனை கூட்டம். நேற்று இருந்த அங்கீகாரம் நாளை இல்லாமல் போகலாம் என்பதை அன்றைக்குப் பார்த்தோம். அதனால் ஏஜென்ட் கையில் இருக்கும் அச்சடித்த தாளை நம்பாதே. மலேசிய மருத்துவ மன்றத்தின் பட்டியலில் கல்லூரியின் முழுப் பெயரை, நகரத்தின் பெயரோடு, நீயே தேடிப் பார். ஒரே பெயரில் இரண்டு கல்லூரி இருக்கும், ஒன்று பட்டியலில் இருக்கும், மற்றது இருக்காது. பிறகு தங்கையின் எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். முடிவுகள் மன்றம் வைத்திருக்கும் குறைந்தபட்சத் தகுதிக்கு எட்டுகிறதா என்று பார். கல்லூரி பட்டியலில் இருந்தும், நுழைவுத் தகுதி இல்லாததால் பதிவு கிடைக்காமல் போனால் அதைவிடக் கொடுமை இல்லை. இரண்டில் எது சரியாக இல்லையென்றாலும் மருத்துவம் வேண்டாம். மருந்தியல், தாதிமை, பிசியோதெரபி, மருத்துவ லேப் என்று நல்ல படிப்புகள் உண்டு, அவற்றில் தேறியவர்கள் இல்லாமல் என் வார்டு ஒரு நாள் ஓடியதில்லை.

இதைப் படிக்கும் மற்ற பெற்றோருக்கும் சொல்கிறேன். பீடோங்கிலும் கூலிமிலும் லூனாஸிலும் உங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், மன்றத்தின் பட்டியலில் அந்தப் பெயரை உங்கள் கண்ணால் பார்க்காமல் ஒரு வெள்ளிகூடக் கட்டாதீர்கள்.